வெறும் அலுமினிய கிட்டார் பெடல் டப்பாவுல படம் போட்டு கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடிக்கணும், மழை விடமாட்டேங்குது. எந்த வழி சரி?

குழித்துறை_ஃபஸ்:

மக்களே, மூணு 1590பி (வார்ப்பு அலுமினியத்துல ஒரு அளவு) டப்பா துளை போட்டு முடிஞ்சு வெறும் அலுமினியமா இருக்கு. கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கற ஃபஸ் ரெண்டு, சத்தம் ஏத்தற பூஸ்டர் ஒண்ணு. சர்க்யூட் மூணும் வெளியில வச்சே ஓட்டிப் பாத்தாச்சு, சத்தத்துல குறை இல்ல. இனி பூச்சும் படமும்தான் பாக்கி.

நினைச்சிருக்கிற டிசைன் இது: அடியில அடர்நீலம், அதுமேல வெள்ளைக் கோட்டுல கட்டுமரமும் அலையும், நாபுக்குக் (திருகற குமிழ்) கீழ தமிழ்ல 'ஒலி', 'கரகரப்பு', 'தொனி'. வீட்டுல இங்க்டேங்க் பிரிண்டர் இருக்கு. பக்கத்து ஜெராக்ஸ் கடையில கலர் லேசர் இருக்கு. வாட்டர்ஸ்லைடு டெக்கல் தாள் (தண்ணில ஊற வச்சா அச்சடிச்ச படலம் வழுக்கி வரும்) ஆன்லைன்ல இங்க்ஜெட், லேசர் ரெண்டு வகையும் கிடைக்குது.

ஒரு பழைய மூடியில சோதனைக்கு அடிச்ச லேக்கர் கிளியர் பத்து நிமிஷத்துல வெள்ளையா மங்கிருச்சு. டெக்கல் ஓரமும் ரெண்டு நாள்ல தூக்குது, படத்துக்கு அடியில வெள்ளி மாதிரி மினுக்கமும் தெரியுது. ஒரு டப்பா பாறசாலையில ஒருத்தருக்குப் போகணும், ஓணத்துக்கு முன்னாடி. அவருக்கு மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு வேணுமாம்.

கேட்கறது இதுதான். இங்க்ஜெட்டா, லேசரா? மழைக்காலத்துல கிளியர் எப்படி அடிக்கறது? லேக்கர், 2கே (ஹார்டனர் கலந்து அடிக்கிற கிளியர்), எபாக்ஸி ரெசின் மூணுல எது ஷூ மிதிக்குத் தாங்கும்?


வடசேரி_வயரிங்:

மங்கினதுக்குக் காரணம் டின் இல்ல தம்பி, காத்து. லேக்கர்ல இருக்கிற தின்னர் வேகமா ஆவியாகும்போது டப்பாவோட மேல்பரப்பு குளிர்ந்துபோகும். காத்துல ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல நிக்கிற நாள்ல, அந்தக் குளிர்ந்த பரப்புல தண்ணி படியும். அந்தத் தண்ணி படலத்துக்குள்ள மாட்டிக்கிட்டதுதான் நீங்க பாத்த வெள்ளை. பெயின்ட் பட்டறையில இதுக்கு 'பிளஷ்'னு பேரு. நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்கு தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூன்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும். அதுக்காக வேலையை நிறுத்த வேண்டாம், நேரம் பாத்து அடிக்கணும்.

ஈரப்பதமானி ஒண்ணு வாங்கி வச்சுக்கோங்க. 70-க்குக் கீழ வர்ற நாள்ல, காலை 11-ல இருந்து 3 மணிக்குள்ள அடிங்க. அடிக்கறதுக்கு முன்னாடி டப்பாவை ஹேர் டிரையர்ல உள்ளங்கைக்கு இதமான சூடு வர்ற வரைக்கும் காட்டுங்க, 40 டிகிரி போதும். டப்பா சுத்துக்காத்தை விட சூடா இருந்தா தண்ணி படியாது. ஸ்பிரே டின்னையும் வெதுவெதுப்பான தண்ணில அஞ்சு நிமிஷம் நிறுத்தலாம், துளி பொடிசா வரும். கொதிக்கிற தண்ணியும் அடுப்பும் டின் பக்கத்துலயே வரக்கூடாது. அடிச்ச கையோட டிரையர் காட்டறதும் தப்பு. மேல தோல் கட்டும், உள்ள தின்னர் மாட்டும், அப்புறம் குமிழ் குமிழா எழும்பும்.

ஏற்கனவே மங்கினதை உரிக்க வேண்டாம். வெயில் நாள்ல மூடியைச் சூடாக்கி, ரிட்டார்டர் (மெதுவா ஆவியாகற) தின்னர் கலந்த கிளியரை ஒரே ஒரு மெல்லிய கோட் விடுங்க. மேல்படலம் கொஞ்சம் இளகும், மாட்டின ஈரம் வெளியேறும், வெள்ளை போயிரும். டெக்கல் மேல நாலு கோட்டாவது கிளியர் ஏறியிருந்தா மட்டும் இதைச் செய்யுங்க. அதுக்குக் குறைவா இருந்தா தின்னர் மையைப் பிடிச்சு இழுத்துரும்.

அடுத்தது அந்த மினுக்கம். அது 'சில்வரிங்', படலத்துக்கு அடியில மாட்டின காத்து. மேட் பெயின்ட் மேல டெக்கல் போட்டா வரும். மேட் பரப்பு நுணுக்கமாப் பாத்தா மேடும் பள்ளமும்தான், படலம் மேடுகள் மேல மட்டும் உக்காரும். அதனால அடிநிறத்துக்கு மேல ஒரு கோட் பளபள கிளியர் அடிச்சு, காஞ்சப்புறம்தான் டெக்கல். கடைசியில மேட் வேணும்னா மேல மேட் கிளியர் அடிச்சுக்கலாம்.

வரிசையைச் சொல்லிடறேன். துளை எல்லாம் முதல்லயே போட்டு, அரத்தால பிசிறு எடுத்திருக்கணும். டப்பாவை பாத்திரம் கழுவற சோப்பு போட்டுக் கழுவுங்க. வார்ப்புல இருந்து வந்த எண்ணெய்ப் பசை இருந்தா ப்ரைமர் பிடிக்காது. 320 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்), அப்புறம் 400, தண்ணி விட்டுத் தேய்க்கணும். கடைசியா ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்ல துடைங்க, மொபைல் சர்வீஸ் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். துடைச்சப்புறம் வெறும் விரல் படக்கூடாது. அதே நாள்லயே எட்ச் ப்ரைமர் ரெண்டு மெல்லிய கோட். அலுமினியத்துக்கு சாதாரண ப்ரைமர் பத்தாது. மேல எப்பவும் ஒரு ஆக்சைடு படலம் இருக்கும், அதைக் கடிச்சுப் பிடிக்கிற அமிலம் எட்ச் ப்ரைமர்லதான் இருக்கு. கார் பெயின்ட் கலக்கிற கடையில கேளுங்க.

அடிநிறம் மூணு கோட், 20–25 செ.மீ. தள்ளி நின்னு, கோட்டுக்கு நடுவுல பத்து நிமிஷம். டப்பாவுக்கு வெளியில இருந்து அடிக்க ஆரம்பிச்சு, தாண்டிப் போய் நிறுத்துங்க. டப்பா மேல நிறுத்தினா அந்த இடத்துல வழியும். ரெண்டு நாள் விடுங்க. பிறகு பளபள கிளியர் ஒண்ணு, அது ஒரு நாள்.

டெக்கல்ல லேசர்தான் நல்லது. டோனர் பிளாஸ்டிக், தண்ணிக்குக் கரையாது, அப்படியே முக்கலாம். இங்க்ஜெட் மை தண்ணில கரையும். அதனால அச்சடிச்சு ரெண்டு மணி நேரம் காய விட்டு, அக்ரிலிக் கிளியர் மூணு மெல்லிய கோட் தாள் மேலயே அடிச்சு, மறுநாள்தான் தண்ணில போடணும். மழைக்காலத்துல இன்னும் ஒரு இடத்துல பிளஷ் வர வழி வைக்கிற வேலை அது. தாளை மாத்திப் போடாதீங்க. இங்க்ஜெட் தாளை லேசர்ல விட்டா பூச்சு உருகி சூட்டு உருளையில ஒட்டும், கடைக்காரர் மிஷின் போயிரும். லேசர் தாள்ல இங்க்ஜெட் அடிச்சா மை முத்து முத்தா நிக்கும்.

படத்தை எழுத்து எழுத்தா வெட்ட வேண்டாம். மேல்முகம் முழுசையும் மூடுற ஒரே துண்டா வெட்டுங்க. ஓரம் எத்தனையோ அத்தனை இடத்துலயும் கோடு தெரியும், ஒரே துண்டுன்னா சுத்துவட்டம் மட்டும்தான். 1590பி வெளி அளவு 112 x 60 மி.மீ.தான், ஆனா பக்கம் சாய்வு, மூலை உருட்டு. தட்டையான இடம் அதைவிடக் குறைவு, வெர்னியர் வச்சு உங்க டப்பாவை அளந்துக்கோங்க. படலம் வளைவு ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு மி.மீ. முன்னாடி நிக்கணும். வளைவுல ஏறினா தூக்கும். உங்க மூடியில நடந்ததும் அதுவா இருக்கலாம்.

வெதுவெதுப்பான தண்ணில அரை நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம். தாள்ல வச்சு விரலால தள்ளினா வழுக்கணும், இழுக்க வேண்டியிருந்தா இன்னும் ஊறணும். டப்பா மேல ரெண்டு சொட்டு தண்ணி விட்டு அதுமேல வழுக்கி விடுங்க, இடம் சரிசெய்யலாம். நடுவுல இருந்து வெளிப்பக்கமா பழைய ஏடிஎம் கார்டுல துணி சுத்தித் தள்ளுங்க. துளை இருக்கிற இடத்துல படலம் பரத்தி நிக்கும், அதை அப்ப வெட்ட வேண்டாம். ஈரத்துல பிளேடு வச்சா கிழியும். ஒரு நாள் முழுக்கக் காஞ்சதும், துளை நடுவுல இருந்து விளிம்புக்கு நட்சத்திரமா கீறி, இதழ்களை உள்பக்கமா மடிச்சு விடுங்க. கிளியர் அடிச்சு இறுகினதும் உருட்டு அரத்தால மேலேர்ந்து கீழ ஒரே திசையில தேய்ச்சு எடுங்க. கீழேர்ந்து மேல தேய்ச்சா ஓரம் பேந்துக்கும்.

டெக்கலுக்கு மேல முதல் ரெண்டு கோட் பனி விழற மாதிரி லேசா, ஈரமாவே தெரியக்கூடாது. எடுத்த உடனே கனமா அடிச்சா தின்னர் படலத்தைச் சுருக்கிரும், சுருங்கினா திருப்ப முடியாது. பிறகு கால் மணிக்கு ஒண்ணா நாலஞ்சு சாதாரண கோட். ரெண்டு நாள் கழிச்சு 1000 நம்பர்ல தண்ணி விட்டு ஓரத்து மேட்டை மட்டும் சமப்படுத்துங்க. மறுபடி ரெண்டு கோட். ஒரு வாரம் கழிச்சு 1500, 2000, ரப்பிங் காம்பவுண்ட்.

காயறது வேற, இறுகறது வேற. தொட்டா ஒட்டலைன்னு நட்டு முறுக்கினா வாஷரோட சேர்ந்து பெயின்ட்டும் திரும்பும். மூக்குப் பக்கத்துல வச்சா தின்னர் வாசம் வருதா பாருங்க. வாசம் வருதுன்னா இன்னும் இறுகல.


கொழிஞ்சாம்பாறை_கம்பி:

அண்ணன் சொன்னது முழுக்கச் சரிங்க. ஆனா அடர்நீலத்துல வெள்ளைக் கோடுன்னா வாட்டர்ஸ்லைடு பக்கம் போகவே வேண்டாம்னு சொல்வேன். ஜெராக்ஸ் கடை லேசர்ல வெள்ளை மை கிடையாது. வெள்ளைன்னு நீங்க வரையறது எல்லாம் வெறும் படலமா வரும், அடியில இருக்கிற நீலமே தெரியும். வெள்ளைப் படலத் தாள்ல நீலத்தைச் சுத்தி அடிக்கலாம், ஆனா அந்த நீலமும் டப்பா பக்கத்து நீலமும் ஒருநாளும் ஒண்ணாச் சேராது.

வெள்ளை வேணும்னா யுவி, அதாவது புற ஊதா வெளிச்சத்துல இறுகற மை. ரெண்டு விதம் இருக்குங்க. ஒண்ணு, யுவி ஃப்ளாட்பெட் மிஷின்ல டப்பா மேலயே நேரா அடிக்கறது. கோயமுத்தூர்ல போர்டும் மொபைல் கவரும் அடிக்கிற கடைகள்ல செய்வாங்க. இன்னொண்ணு யுவி டிடிஎஃப், அதாவது பிலிம்ல அடிச்சு வர்ற ஸ்டிக்கர். வச்சு அழுத்தி மேல் பிலிமை உரிச்சா மை மட்டும் டப்பாவுல நிக்கும். பின்னால படலம் எதுவும் இல்லாம எழுத்தும் கோடும் மட்டும் ஒட்டும், அதனால படல ஓரம்ங்கிற தொல்லையே இல்ல. ஆனா ஒருக்கா தொட்டா தொட்டதுதான், நகர்த்த முடியாது. அதனால ஃபைல்லயே ஒவ்வொரு துளை மையத்துலயும் சின்ன கூட்டல் குறி போட்டு அடிக்கச் சொல்லுங்க, துளை வழியா பாத்து நேர் வைக்கலாம். அது நாபுக்கும் நட்டுக்கும் அடியில மறைஞ்சிரும். அதோட, மெல்லிய தனிக்கோடு டிடிஎஃப்ல ஷூ உரசற பக்கம் நிக்காது. ஃபுட்ஸ்விட்ச் (காலால மிதிக்கிற சுவிட்ச்) பக்கம் கட்டுமரத்தைக் கொண்டு போகாதீங்க, மேல்பாதியில வைங்க.

யுவிக்கு அடியில பவுடர் கோட்டிங்தான் சரியான துணை. இங்க பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டுலயும், உங்க பக்கம் கோணம் சிட்கோ எஸ்டேட்லயும் விசாரிச்சுப் பாருங்க. ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிறவங்க எந்த நிறம் ஓடுதோ அந்த நாள்ல உங்க மூணு டப்பாவையும் கொக்கியில மாட்டி விடுவாங்க. ஈரப்பதம் பத்தின கவலை உங்களுக்கு இல்ல, அது 180–200 டிகிரி அடுப்புல உருகிப் பிடிக்கிற பூச்சு.

அவங்ககிட்ட மூணு விஷயம் கட்டாயம் சொல்லுங்க. ஒண்ணு, பூச்சுக்கு முன்னாடி டப்பாவை வெறுமனே ஒருக்கா அடுப்புல வைக்கணும், பவுடர் வேகற சூட்டை விட கொஞ்சம் அதிகமா, அரை மணி நேரம். வார்ப்பு அலுமினியத்துக்குள்ள நுண்ணிய காத்துப் பொத்தல் இருக்கும். முன்கூட்டி சூடாக்கலைன்னா பவுடர் உருகும்போது அந்தக் காத்து வெளிய வந்து ஊசித்துளை ஊசித்துளையா நிக்கும். ஜன்னல் சட்டம் வார்ப்பு இல்ல, அதனால அவங்களுக்கு இந்தப் பழக்கமே இருக்காது. ரெண்டு, உள்பக்கமும் மூடி உக்கார்ற விளிம்பும் ஸ்க்ரூ துளையும் பவுடர் படக்கூடாது. சாதாரண மாஸ்கிங் டேப் அந்தச் சூட்டுல கருகி ஒட்டிக்கும், பாலிஇமைடு டேப்போ சிலிக்கான் அடைப்பானோ நீங்களே வாங்கி ஒட்டிக் குடுத்துருங்க. மூணு, வழவழப்பான செமி கிளாஸ்தான் வேணும், சொரசொரப்பு டெக்ஸ்சர் வேண்டாம்.

பவுடர் 60–80 மைக்ரான் ஏறும். துளைக்கு ரெண்டு பக்கமும் கணக்குப் போட்டா விட்டம் 0.16 மி.மீ. வரைக்கும் குறையும். அதனால துளை விட்டம் பாட்டுக்கு (நாப் மாட்டற பொட்டென்ஷியோமீட்டர்) 7.5, ஃபுட்ஸ்விட்சுக்கு 12.5, கேபிள் சொருகற திறந்த வகை ஜாக்குக்கு 10 மி.மீ. வச்சிருந்தா நிம்மதி. சரியா 7, 12-ன்னு போட்டிருந்தா பூச்சுக்கப்புறம் அரம் பிடிக்க வேண்டி வரும், விளிம்பு உதிரும்.

யுவி கடைக்குப் போறதுக்கு முன்னாடி டப்பாவுல எதையும் பொருத்தாதீங்க. மிஷின் தலைக்கும் பரப்புக்கும் ரெண்டு மூணு மி.மீ.தான் இடைவெளி இருக்கும், நீட்டிக்கிட்டு ஒண்ணும் நிக்கக்கூடாது. மூணு டப்பாவும் ஒரே இடத்துல உக்கார்ற மாதிரி எம்டிஎஃப் (மரத்தூள் அழுத்தின) பலகையில அச்சு வெட்டி எடுத்துட்டுப் போனா, மூணும் ஒரே மாதிரி நேரா வரும். அச்சடிக்கறதுக்கு முன்னாடி அவங்க முன்னாலேயே ஐசோப்ரோப்பைல்ல துடைக்கச் சொல்லுங்க. சில பளபள பவுடர்ல மெழுகு இருக்கும், மை பிடிக்காது. மூடியோட உள்பக்கத்துல ஒரு ஓரம் பவுடர் பட்டிருந்தா அங்க சின்னதா அடிச்சு, பிளேடால ரெண்டு மி.மீ. கட்டமாக் கீறி, டேப் ஒட்டி வெடுக்குன்னு உரிச்சுப் பாருங்க. கட்டம் பேந்தா அடெஷன் ப்ரைமர் (மை ஒட்டறதுக்கான பூச்சு) தடவித்தான் அடிக்கணும்.

ஃபைல் பத்தி ஒண்ணு. அளவு ஒண்ணுக்கு ஒண்ணா பிடிஎஃப், வெள்ளை தனி அடுக்குல, நிறம் சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு மை முறை). தமிழ் எழுத்தை அப்படியே குடுக்காதீங்க, கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வரைகோடா மாத்திக் குடுங்க. கடை கம்ப்யூட்டர்ல பழைய மென்பொருள் இருந்தா 'தொனி'ல இருக்கிற கொம்பு தனியாக் கழண்டு நிக்கும், நடுவுல புள்ளி வட்டம் வரும், அதை அப்படியே அடிச்சும் தருவாங்க. அடிச்சது அழியாது. எழுத்து 8 பாயிண்டுக்குக் கீழ வேண்டாம், கோடு 0.3 மி.மீ.க்குக் கீழ வேண்டாம். 'ணி', 'ழ' இதெல்லாம் உள்சுழி அடைச்சுக்கும்.


நகரி_சால்டர்:

ரெண்டு பேரும் விட்ட சில விஷயம்.

லேக்கரும் எனாமலும் கலக்காதீங்க. எனாமல் அடிநிறத்து மேல லேக்கர் கிளியர் அடிச்சா, லேக்கர் தின்னர் பாதி இறுகின எனாமலை ஊற வச்சு தோல் மாதிரி சுருக்கிரும். டின் மேல ரெண்டுலயும் 'ஸ்பிரே பெயின்ட்'னுதான் போட்டிருக்கும், பின்பக்கம் படிச்சுப் பாருங்க. அடியில லேக்கர், மேல எனாமல்னா ஆபத்து இல்ல. சந்தேகம்னா அடிநிறமும் கிளியரும் ஒரே கம்பெனி, ஒரே வரிசையில வாங்குங்க. மறுகோட் நேரத்தையும் மதிங்க. பல டின்ல 'ஒரு மணி நேரத்துக்குள்ள, இல்லன்னா 24 மணி நேரத்துக்கப்புறம்'னு இருக்கும். நடுவுல அடிச்சா அதே சுருக்கம்தான்.

உங்க ஊர்ல ஈரம்னா எங்க பக்கம் சித்திரை வைகாசியில நேர்மாறு. 40 டிகிரி தாண்டினா துளி டப்பாவைத் தொடறதுக்குள்ள காத்துலயே காஞ்சு பொடியா விழும், பரப்பு உப்புத்தாள் மாதிரி ஆகும். இங்க காலை ஏழு மணிக்கு அடிக்கணும், 15 செ.மீ. கிட்ட நின்னு. இதைப் படிக்கிற வேலூர், சித்தூர்க்காரங்க 11-லிருந்து 3-ங்கிற கணக்கைப் பிடிச்சுக்காதீங்க. சித்தூர்னா ஆந்திரா சித்தூர், பாலக்காட்டுச் சித்தூர் இல்ல.

எர்த் ரொம்ப முக்கியம். டப்பா முழுக்க கிரவுண்ட்ல இருந்தாத்தான் ஹம் (ரீங்கார இரைச்சல்) வராது. அந்த இணைப்பு ஜாக்கோட ஸ்லீவ் (கிரவுண்ட் முனை) டப்பா உள்சுவரைத் தொடறதுல இருந்துதான் வருது. உள்ள பெயின்ட் பட்டிருந்தா ஜாக் துளையைச் சுத்தி ஒரு வாஷர் அகலத்துக்கு உலோகம் தெரியறவரைக்கும் சுரண்டி விடுங்க. மூடி விளிம்பும் அப்படித்தான். மல்டிமீட்டர் வச்சு ஜாக் ஸ்லீவுக்கும் மூடிக்கும் பீப் வருதா பாருங்க. பெயின்ட் இருக்கே, அதுவே இன்சுலேஷன்னு நம்பி உலோக உடம்பு டிசி ஜாக் போடறவங்களும் உண்டு. 9 வோல்ட் சென்டர் நெகட்டிவ்ல (நடு முனை நெகட்டிவ்) வெளிவளையம் பாசிட்டிவ். நட்டு முறுக்கும்போது பெயின்ட் ஒரு இடத்துல கீறினா சப்ளை நேரா ஷார்ட். பிளாஸ்டிக் உடம்பு ஜாக் போடுங்க.

மார்க்கர்ல வரையற யோசனை யாருக்காவது வந்தா: பெர்மனென்ட் மார்க்கர் மை கிளியர் பட்ட உடனே ஊதாவாப் படரும். தண்ணி அடிப்படை பிக்மென்ட் பெயின்ட் மார்க்கர் படராது, அதுக்கும் முதல் ரெண்டு கோட் பனி கோட்தான்.


குழித்துறை_ஃபஸ்:

எல்லாருக்கும் நன்றி அண்ணாச்சிகளே. கோணத்துல விசாரிக்கறேன், ரெண்டு டப்பா பவுடர் ப்ளஸ் யுவி. பாறசாலைக்காரர் டப்பாவை மட்டும் இங்கயே முடிக்கலாம்னு நினைக்கறேன், அவருக்கு நீலம்தான் வேணும்னு கட்டாயம் இல்ல. ரெசின் ஊத்தினா கண்ணாடி மாதிரி நிக்குமா? ஒரு டப்பாவுக்கு எவ்வளவு? இல்ல 2கே போதுமா?


வடசேரி_வயரிங்:

நீலம் கட்டாயம் இல்லைன்னா நிறத்தைத் திருப்பிப் போடுங்க. அடியில வெள்ளையோ தந்த நிறமோ அடிச்சு, லேசர்ல தெளிவான படலத் தாள்ல நீலக் கோடா அச்சடிங்க. அச்சடிக்கும்போது 'பக்கத்துக்குப் பொருத்து'ங்கிற தேர்வை எடுத்துட்டு 100 சதவீதம் வைக்கணும். இல்லன்னா மூணு நாலு சதவீதம் சுருங்கி, ஃபுட்ஸ்விட்ச் பக்கம் வர்றப்ப எழுத்து மூணு மி.மீ. தள்ளிப் போயிரும். முதல்ல சாதாத் தாள்ல அடிச்சு டப்பா மேல வச்சுப் பாருங்க. நாப் 19 மி.மீ.ன்னா எழுத்தோட மேல்விளிம்பு துளை மையத்துல இருந்து 12 மி.மீ. கீழ தள்ளித்தான் ஆரம்பிக்கணும், இல்லன்னா நாபுக்குள்ள போகும்.

ரெசின் பளபளப்பு தரும், மறுக்கல. மேல்முகம் 112 x 60, ஒரு மி.மீ. தடிமன்னா 7 மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. வழியறது, கப்புல ஒட்டறது சேத்து 15 மில்லி கலக்குங்க. அதைவிடக் குறைவாக் கலந்தா அளவுல வர்ற சின்னப் பிழையே பெரிசாகி கடைசி வரைக்கும் பிசுபிசுன்னு நிக்கும். ரெசினும் ஹார்டனரும் கலக்கற விகிதம் கொள்ளளவுலயா எடையிலயான்னு லேபிள் பாத்துக்கோங்க, ரெண்டும் வேற கணக்கு. எடைன்னா 0.1 கிராம் காட்டற தராசு வேணும். மூணு நிமிஷம் மெதுவாக் கலக்கி, வேற கப்புக்கு மாத்தி இன்னும் ஒரு நிமிஷம் கலக்குங்க, முதல் கப்பு சுவர்ல ஒட்டினது கலக்காமலே இருக்கும். துளை எல்லாம் அடியில டேப் போட்டு, மேல மாடலிங் களிமண்ணால அடைக்கணும். குமிழுக்கு லைட்டர் தீயை ஒரு கை உயரத்துல இருந்து வேகமா ஓட்டினா உடையும். தட்டு மட்டமா இருக்கான்னு ரசமட்டம் வச்சுப் பாருங்க.

ரெண்டு கண்டிஷன். டெக்கல் மேல கிளியர் குறைஞ்சது மூணு கோட் இறுகி இருக்கணும், இல்லன்னா ரெசின் படலத்துக்கு அடியில ஊறிப் போய் கறை காட்டும். தடிமன் ஒண்ணரை மி.மீ.ஐத் தாண்டக்கூடாது. தாண்டினா பாட்டோட மரை வாஷருக்கும் நட்டுக்கும் பத்தாது.


கொழிஞ்சாம்பாறை_கம்பி:

ஆடி ஆவணியில குழித்துறையில ரெசின் ஊத்தறதை நான் ஒத்துக்க மாட்டேங்க. ஈரக் காத்துல எபாக்ஸி இறுகும்போது ஹார்டனர்ல இருக்கிற அமீன் காத்து ஈரத்தோடயும் கரியமில வாயுவோடயும் சேர்ந்து மெழுகு மாதிரி ஒரு படிவு எழும்பும், பளபளப்பே மங்கிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணில கழுவினா போகும், ஆனா கழுவாம ரெண்டாவது தடவை ஊத்தினா உரிஞ்சுக்கும். வெயில்ல வச்சா மஞ்சளும் ஆகும், வெள்ளை அடிநிறத்துல அது பளிச்சுனு தெரியும். ஷூல ஒட்டின மணல் உரசற இடத்துல ரெசினை விட 2கே நல்லாத் தாங்கும்.

2கேயை வீட்டுல அடிக்காதீங்க. ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு. துணி மாஸ்க், சர்ஜிக்கல் மாஸ்க் எதுவும் அதைத் தடுக்காது, மூச்சுக்குழலைக் கெடுக்கும், ஆஸ்துமா இருக்கறவங்க கிட்டவே போகக்கூடாது. கார் பெயின்ட் பட்டறையில பம்பர் அடிக்கிற நாள் எதுன்னு கேட்டு, டப்பாவைக் கம்பியில மாட்டிக் குடுங்க. அவங்களுக்குக் கலக்கின கிளியர்ல மிச்சம் எப்பவும் இருக்கும், பெயின்ட் அடிக்கிற தனி அறையும் முறையான மாஸ்க்கும் அங்கதான் இருக்கும். டெக்கல் மேல நீங்க ஏற்கனவே ரெண்டு கோட் அக்ரிலிக் அடிச்சு நல்லாக் காய வச்சிருக்கணும், அவங்க முதல் கோட்டை லேசா விடணும்னு சொல்லிருங்க. ஒரு கோட் லேசு, ரெண்டு கோட் ஈரம், அவ்வளவுதான். பளபளப்புல ரெசினுக்குக் குறையாது.


வடசேரி_வயரிங்:

பட்டறை கிடைச்சா 2கேதான், அதுல எனக்கும் மறுப்பு இல்ல. கிடைக்கலைன்னாத்தான் ரெசின், அதுவும் அறையை மூடி ஏசி ஓட்டி ஈரப்பதம் 60-க்கு இறங்கினப்புறம்.

தம்பி, நாள் கணக்கையும் பாத்துக்கோங்க. ப்ரைமர்ல ஆரம்பிச்சு நட்டு முறுக்கற வரைக்கும் நல்ல வெயில் கிடைச்சாலே ரெண்டு வாரம், மழை குறுக்க வந்தா மூணு. ஓணத்துல இருந்து பின்னோக்கி எண்ணி, அத்தத்துக்கு (ஓணக் கொண்டாட்டத்தோட முதல் நாள்) முந்தின நாளே கடைசி கோட் முடிஞ்சிருக்கிற மாதிரி ஆரம்பிங்க. பொருத்தும்போது பாட்டை உள்பக்கம் கையால பிடிச்சுக்கிட்டு, நட்டுக்கு அடியில நைலான் வாஷர் போட்டு, ஸ்பேனர் இல்லாம சாக்கெட்டால முறுக்குங்க. ஸ்பேனர் வழுக்கினா கிளியர்ல பிறை மாதிரி ஒரு கீறல் விழும், அதை எடுக்க மறுபடி 1500-ல இருந்து ஆரம்பிக்கணும்.